கண்ணாடி வீட்டு மாப்பிள்ளை

இடுப்புக்குக் கீழே, இடது பக்கம், எலும்பும் சதையும் சேருகிற இடத்தில் வியாகுலத்துக்கு வலி குடியிருந்தது. குமரியாக இருந்தபோது ஐஸ் பெட்டி தூக்கி வந்த வலி வேறு. அது ஒரு ராத்திரி தூங்கினால் போய்விடும். இது கண்ணாடி வீட்டில் கிடக்கிற சான்றுடலைப் புரட்டிப் புரட்டி வந்தது. அவளோடு படுத்து, அவளுக்கு முன்னால் எழுந்துகொண்டது.

"புரளு மாப்ள, புரளு. ஒனக்கு நோவாதுல்லா, எனக்குத்தான் நோவுது."

அது தானாகப் புரளாது. விலாவுக்கு அடியில் ஒரு கையும் தொடைக்கு அடியில் ஒரு கையும் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவள்தான் தள்ள வேண்டும். தள்ளினாள். நன்றாகத் தின்று பெருத்த உடம்பு, நனைந்த வலை மூட்டை மாதிரி சாய்ந்தது. வழக்கம்போல மெத்தையில் போய் வைத்திருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு துடைத்தாள். கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற கித்தேரி, பேச்சுத்துளையில் வாயை வைத்து, "தலைமைப் பொறியாளருக்குக் குண்டி கழுவுத யோகம் யாருக்குளா கெடைக்கும்?" என்றாள்.

"உள்ள வா. பாதி யோகத்த ஒனக்குத் தாறேன்."

முகம் குலசேகரனின் முகம்தான். கடுவன்துறை அணுமின் நிலையத்தின் தலைமைப் பொறியாளர். அதே அகன்ற நெற்றி, அதே இரட்டை மோவாய், மேலுதட்டில் அதே மச்சம். அவர் தோளில் சுரண்டி எடுத்த செல்லை வளர்தொட்டியில் இட்டு முளைக்கவைத்த உடல் இது. மேல்மூளையை மட்டும் வளரவிடவில்லை. விழுங்கும், செரிக்கும், கழிக்கும். பக்கத்தில் யாராவது பேசினால் சிரிக்கும். தோல் போர்த்திய வாழைமரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று நிலையத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். வியாகுலம் வாழைமரம் எதுவும் சிரித்துப் பார்த்ததில்லை.

இந்த உடல் கடுவன்துறைக்கு வந்த கதைக்கு ஐந்து வருடம் ஆகிறது. நிலையத்தின் வாசலில் ஊரே கிடந்து மறித்த காலம் அது. பத்திரம், பத்திரம் என்று அதிகாரிகள் ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்ல, இந்தப் பக்கமிருந்து ஒரே கேள்விதான் போனது. பத்திரம் என்றால் உங்கள் பெண்டாட்டி பிள்ளையைக் கொண்டுவந்து இங்கே குடிவையுங்களேன். பெண்டாட்டி பிள்ளை வரவில்லை. பதிலுக்குச் சான்றுடல் சட்டம் வந்தது. ஆபத்தான ஆலை எதுவானாலும், அதை நடத்துகிற அதிகாரியின் உடலை வார்த்து, பக்கத்து ஊரின் நடுவில் கண்ணாடி வீட்டில் வைக்க வேண்டும். ஊர் இழுக்கிற காற்றை அதுவும் இழுக்க வேண்டும். ஊர் தின்பதை அதுவும் தின்ன வேண்டும். அதன் செல்கள் வேகமூட்டப்பட்டவை. மனிதருக்கு இருபது வருடத்தில் வரக்கூடியது அதற்கு ஐந்தே வருடத்தில் வந்துவிடும். அப்போது உடல்வருடியை வைத்து எலும்பு முதல் ஈரல் வரை பார்ப்பார்கள். கேடு இருந்தால் உலையை நிறுத்த வேண்டும். ஊரில் நோயாளி எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் நிலையமே வைத்தியம் பார்க்க வேண்டும். கேடு இல்லை என்றால் அடுத்த ஐந்து வருடத்துக்கு ஊர் வாயைத் திறக்கக் கூடாது.

நல்ல சட்டம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பொய் சொல்லத் தெரியாத சாட்சி. வாயே இல்லாத சாட்சி.

அந்த ஐந்து வருடம் வருகிற வியாழனோடு முடிகிறது. வியாகுலத்தின் புருஷன் சூசைராயன் தொண்டையில் கட்டியோடு வீட்டில் உட்கார்ந்திருந்தான். ஏலக்கூடத்தில் அவன் கூவினால் நடுக்கடலில் இருப்பவனுக்குக் கேட்கும் என்பார்கள். இப்போது காற்று மட்டும்தான் வருகிறது. அரசு ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அந்தக் கட்டியை எடுத்துக் குரலை மீட்டுத் தருகிற கருவி நிலையத்தின் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. வியாழக்கிழமைத் தீர்ப்பு நல்லபடி வந்தால் மறுநாளே வாசல் திறக்கும். நல்லபடி என்றால், மாப்பிள்ளை சீக்காளி என்று வர வேண்டும். ஒருத்தனுக்குச் சீக்கு இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டே அவனுக்குச் சோறு ஊட்டுகிறோமே என்று முதல் வருடம் வியாகுலத்துக்குக் குமட்டியது. அப்புறம் அதுவும் பழகிவிட்டது.

மாப்பிள்ளை என்ற பேரை வைத்ததே கித்தேரிதான். வேலைவெட்டி கிடையாது, மூன்று வேளையும் சோறு, படுத்த இடத்தில் பணிவிடை, இவன் மாப்பிள்ளை இல்லாமல் வேறு யார் என்று அவள் கேட்டது ஊருக்கே பிடித்துப்போனது. சாப்பாடு வீட்டு முறை. இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு அடுத்த வீடு. முதல் முறை பவுலம்மாள் வீட்டுக்கு வந்தது. அவள் பாவம், தன் வீட்டு அடுப்பில் இருந்த சாளைமீன் குழம்பையும் சோற்றையும் அப்படியே சட்டியோடு கொண்டுவந்தாள். சட்டம் கேட்டதும் அதைத்தான். ஆனால் கண்ணாடிக்கு வெளியே ஊர் நின்றது.

"மாப்பிள்ளைக்குச் சாளையா வைக்கா? பவுலு வீட்டுல இவ்வளவுதான் வக்கு போல."

பவுலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓடினாள். அடுத்த முறைக்கு அவள் வீட்டுச் சட்டியில் நெய்மீன் வந்தது. கரையில் பிடித்தது அல்ல, துறைமுகத்துப் பெரிய விசைப்படகில் வந்த ஆழ்கடல் மீன். அதற்கு அடுத்த வீடு நெய்மீனோடு பொரித்த பாறை மீனும் வைத்தது. பிறகு எந்த வீடும் அதற்குக் கீழே இறங்கவில்லை. நாட்டுக்கோழி வந்தது. மலைப்பக்கத்துக் காய்கறி வந்தது. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி டம்ளரில் பழுப்பாகத் தெரிகிறது என்று புட்டித் தண்ணீர் வந்தது. முறை நாளில் வாளியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே கொடுப்பார்கள். அன்றைக்கும் அதே வீட்டில் பிள்ளைகள் சாளைக் குழம்பைத்தான் தின்றன. நிலையத்தின் வெந்நீர் வாய்க்கால் கடலில் விழுகிற வாயில் சாளை மொய்க்கும். கரையோர வள்ளங்களுக்கு அதுதான் பிழைப்பு.

வியாகுலம் இத்தனை சட்டியையும் கண்ணால் பார்த்தவள்; தன் கையால் ஊட்டியவள். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றவில்லை. ஊர் பயந்தது புகைபோக்கிக்கு. கேடு காற்றில் வருகிறது என்பது எல்லாருடைய தீர்மானம். அந்தக் காற்றை மாப்பிள்ளையும்தானே இழுக்கிறான். மீனைப் பற்றி அந்தக் கரையில் யாரும் வாயைத் திறப்பதில்லை. மீனில் குறை இருக்கிறது என்று ஒரு சொல் வெளியே போனால் வியாபாரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். வெளியே சொல்லாமல் இருந்து இருந்து, உள்ளுக்குள் நினைப்பதும் நின்றுபோயிருந்தது.

வியாழக்கிழமை ஏலக்கூடத்தில் பந்தல் போட்டார்கள். மீன் கவிச்சி தெரியாமல் இருக்க நிலையத்துக்காரர்கள் பன்னீர் தெளித்ததில், கவிச்சியும் பன்னீரும் கலந்து பிணவீட்டு வாடை அடித்தது. மாப்பிள்ளையைத் தள்ளுகட்டிலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். குலசேகரன் வந்தார். உடல் ஊருக்கு வந்த அன்று அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு இப்போதுதான் வருகிறார். இளைத்திருந்தார். சர்க்கரையாம். தன் முகத்தோடு படுத்திருப்பதைப் பார்க்காமல் கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி மேடையேறினார். அவர் குரல் கேட்டதும் மாப்பிள்ளை சிரித்தான். எச்சில் வழிந்தது. வியாகுலம் துடைத்துவிட்டாள்.

சான்று அலுவலர் திருமாறன் உடல்வருடியை இயக்கினான். வெள்ளை வளையம் ஒன்று மாப்பிள்ளையின் தலையிலிருந்து கால்வரை ஊர்ந்து திரும்பியது. திரையில் எலும்பு, ஈரல், தொண்டை, குடல் என்று ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தது. எல்லாம் பச்சை. சூசை நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தான்.

"கேடு இல்லை," என்றான் திருமாறன். "ஒரு புள்ளி கூட இல்லை."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருத்தன், "அப்ப எங்க அம்மா எதுல செத்தா?" என்று கேட்டான். குலசேகரன் ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னைவிட இவர் நல்லா இருக்கார்," என்றார். அவரோடு வந்தவர்கள் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தான். "உங்க ஊரு எவ்வளவு ஆரோக்கியமான ஊருன்னு இப்ப உலகத்துக்கே தெரிஞ்சுபோச்சு. இனிமே வீணா பயப்படாதீங்க."

சூசை எழுந்தான். ஏதோ கத்தினான். வாய் மட்டும்தான் அசைந்தது. முன்வரிசையில் இருந்த அதிகாரி ஒருத்தர், நன்றி சொல்கிறான் என்று நினைத்துக் கைகூப்பினார்.

சாயங்காலம் வியாகுலம் கண்ணாடி வீட்டில் மாப்பிள்ளையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது திருமாறன் இனிப்புப் பெட்டியோடு வந்தான். இளவயதுக்காரன். மறுநாள் வேறு நிலையத்துக்கு மாற்றல். ஊரைவிட்டுப் போகிறவனுக்கு வருகிற தாராளத்தில் இருந்தான்.

"நிர்வாகம் குடுக்கச் சொன்னாங்கம்மா. அஞ்சு வருஷமா நல்லா பாத்துக்கிட்டீங்க. ஒரு படுக்கைப்புண் இல்ல."

"என் வீட்டுக்காரருக்கு இனிப்பு எறங்காது சார். தண்ணியே கஷ்டப்பட்டுத்தான் எறங்குது." அவள் கையைத் துணியில் துடைத்தாள். "ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லுங்க. மிஷினு பொய் சொல்லுமா?"

"வருடி பொய் சொல்லாதும்மா. அது எலும்பப் படிக்கும். ஒருத்தர் எந்தக் கடல் மீனைத் தின்னார், எந்த ஊர்த் தண்ணியக் குடிச்சார்னு எலும்புல படிஞ்சிருக்கும். இவர் எலும்புல உங்க ஊரே கிடையாது."

"அப்படின்னா?"

"கரை மீனே இல்ல. எல்லாம் ஆழ்கடல். ஆயிரம் மைல் தள்ளிப் பொறந்த மனுஷன் மாதிரி இருக்கார்." அவன் ஒரு லட்டை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். "ரெண்டாவது மாசமே எங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சார் சொல்லல?"

"நாங்க ஏன் சொல்லணும்? சட்டத்துல, ஊர் சமைக்கிறதை ஊர் ஊட்டணும்னு இருக்கு. நீங்க சமைச்சீங்க, நீங்களே ஊட்டினீங்க." குரலைத் தாழ்த்தினான். "உண்மையச் சொல்றேம்மா, கோவிச்சுக்காதீங்க. இவருக்கு ரகசியமா நல்ல சாப்பாடு கொண்டுவரணும்னு முதல் வருஷமே தனியா நிதி ஒதுக்கியிருந்தாங்க. சுரங்கப்பாதைக்குக்கூடத் திட்டம் இருந்துச்சு. ஒரு பைசா செலவாகல. ஏமாத்துற வேலையையும் உங்க ஊரே பாத்துக்கிச்சு."

அதை அவன் கேலியாகச் சொல்லவில்லை. பாராட்டாகவே சொன்னான்.

"அப்ப எங்க மீன்ல கேடு இருக்கா, இல்லியா? அதையாவது சொல்லுங்க."

"யாருக்கும்மா தெரியும்? சட்டப்படி அதைக் காட்டுற கருவி இவர் ஒருத்தர்தான். இவருக்கு நீங்க அதை ஊட்டவே இல்லையே."

இனிப்புப் பெட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போனான். எறும்பு வந்தது. வியாகுலம் பெட்டியை எடுத்துக் குப்பைக் கூடையில், மாப்பிள்ளையின் பீத்துணிகளுக்கு மேல் போட்டாள்.

வீட்டில் சூசை கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் கரண்டி கரண்டியாக இறக்கிக்கொண்டிருந்தான். தொட்டுக்கொள்ள அரைத்த சாளை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நெய்மீன், புட்டித் தண்ணீர், ஒதுக்கிய நிதி, எல்லாவற்றையும். அவன் கரண்டியைக் கீழே வைத்தான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்துக் கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தான். சத்தமில்லாத சிரிப்பு, பார்க்கச் சகிக்கவில்லை. அவள் காதைத் தன் வாய்க்கு இழுத்தான்.

"ருசியா... இருந்துச்சாமா... அவனுக்கு?"

மறுநாள் முறை வியாகுலத்தின் வீடு. கரைக்குப் போய், வெந்நீர் வாய்க்காலின் வாயில் பிடித்த சாளையை வாங்கினாள். தனக்கும் சூசைக்கும் எப்போதும் வைப்பது போலவே மிளகாயும் புளியும் கரைத்துக் குழம்பு வைத்தாள். கிணற்றில் தண்ணீர் இறைத்து ஒரு செம்பில் எடுத்துக்கொண்டாள். கண்ணாடி வீட்டு வாசலில் வாளியைத் திறந்து காட்டினாள்.

கித்தேரி எட்டிப் பார்த்தாள். "என்னளா இது? சாளையா? வீட்டுல சீக்காளின்னா எங்கிட்ட கேக்கப்பிடாதா, நான் ஆக்கித் தந்திருப்பேம்லா?"

"இல்லாம இல்ல கித்தேரி. வேணும்னேதான் கொண்டாந்தேன். நேத்து அந்தச் சான்றுக்காரன் சொன்னான்." அவள் சொன்னாள். எல்லாரும் கேட்கும்படியாகச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடியைச் சுற்றி ஊர் கூடிவிட்டது. ஒவ்வொருத்தியும் தன் வீட்டுச் சட்டிகளை நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"நான் ஒருத்தி ஒரு சட்டி நெய்மீனு வச்சா என்ன ஆயிரப்போவுதுன்னு நெனச்சேன்," என்றாள் பவுலம்மாள். "மத்த வீட்டுல உள்ளதத்தான ஊட்டுவாங்கன்னு..."

"மத்த வீடு எது? நீதான் எங்களுக்கு மத்த வீடு," என்றாள் கித்தேரி. பிறகு வியாகுலத்தின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இறுகியது. "ஆனா இத ஊட்டாத. சொல்லுதேன், கேளு. நீ இந்தச் சாளைய இவனுக்கு ஊட்டுதன்னா, மீனு கெட்டுப்போச்சுன்னு ஊரே எழுதிக் குடுத்த மாதிரிதான். நாளைக்கு எந்த வியாபாரி வருவான்? எம்மவன் வள்ளத்த எங்க கொண்டு வைப்பான்?"

"எம்புருசன் தொண்டைய எங்க கொண்டு வைக்க?"

"இன்னும் அஞ்சு வருசம் கழிச்சுத்தானளா மறுபடி பாப்பான். அதுவரைக்கும் சூசையண்ணன்..." கித்தேரி பாதியில் நிறுத்தினாள்.

"தெரியும். இருக்க மாட்டாரு. தெரிஞ்சுதான் ஊட்டப்போறேன். கைய விடு."

கித்தேரி விட்டாள். விட்டுவிட்டு, கூட்டத்தில் யார் யார் இதை வெளியே சொல்லக்கூடியவர்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பின்வரிசையில் நின்ற இரண்டு பேர் ஏற்கனவே சந்தைப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தார்கள்.

வியாகுலம் உள்ளே போய் மாப்பிள்ளையின் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்தாள். அவள் பேச்சுக் கேட்டதும் வாயைத் திறந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. யார் ஊட்டினாலும் திறப்பான், எதை ஊட்டினாலும் திறப்பான். குலசேகரனின் வாய், குலசேகரனின் பல், ஆனால் ஒரு வஞ்சகம் கிடையாது உள்ளே. இந்த உடம்புக்கு நோய் வர வேண்டும் என்று இனி அவளே, தன் கையாலேயே, நாள் தவறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வந்தால் ஊருக்கு நீதி. வராவிட்டால் ஊருக்கு நிம்மதி. எது வந்தாலும் அதை முதலில் சுமக்கப்போவது வாயைத் திறந்துகொண்டு இருக்கிற இந்த அப்பாவி. பாதுகாப்பு என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் கண்டுபிடித்துக் கொடுத்தது இவ்வளவுதான்: ஊமை ஒருத்தனின் வாயில் இன்னொருத்தி விஷத்தை வைத்துப் பார்க்க வேண்டும்.

சாளையைப் பிட்டு, நடுமுள்ளையும் ஓரமுள்ளையும் உருவி எடுத்தாள். முள் குத்திவிடக்கூடாது என்று விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தாள். செய்துகொண்டிருக்கும் காரியத்துக்கும் இந்தக் கரிசனத்துக்கும் உள்ள பொருத்தத்தை நினைத்துத் தன் மீதே காறித் துப்பலாம் போலிருந்தது. சோற்றோடு பிசைந்து உருட்டி அவன் வாயில் வைத்தாள்.

மென்றான். உறைப்பு ஏறி மூக்கில் நீர் வழிந்தது. அப்புறம் சிரித்தான். இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்தான். ஐந்து வருடத்தில் எந்த நெய்மீனுக்கும் இப்படி அவசரப்பட்டதில்லை.

வெளியே பவுலம்மாள் சத்தமாக அழுதாள். கித்தேரி திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள். நாளைய முறை அவளுடையது. அவள் சட்டியில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது.

வியாகுலம் கடைசிப் பருக்கைவரை ஊட்டினாள். கிணற்றுத் தண்ணீரைப் புகட்டினாள். வாயைத் துடைத்துப் படுக்கவைத்துவிட்டு, வலிக்கிற இடுப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி வழியே நிலையத்தைப் பார்த்தாள். அங்கே இன்றைக்கும் விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. கடுவன்துறை நிலையம் சூசைராயனுக்கு ஒரு தொண்டை தர வேண்டும். இன்னும் தரவில்லை.